ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

எங்காத்துக்காரருக்கு உடம்பு கொதிக்க ஆரம்பிச்சது ஒரு மார்கழி மாசத்துல. சின்ன காஞ்சிபுரமே கம்பளியும் மப்ளருமா விடியக்காலம் கோயிலுக்குப் போயிண்டிருக்கு. இவர் மட்டும் மேல்வேஷ்டியைக் கழட்டிப் போட்டுட்டு, ஃபேனுக்கு நேரே உட்கார்ந்துண்டு, "ரமா, இதை இன்னும் கொஞ்சம் வேகமா வையேன்"ங்கறார். நெத்தியில இட்டுண்ட திருமண் வேர்வையில கரைஞ்சு மூக்குல வழியறது.

எனக்குச் சிரிப்பு தாங்கலை. சிரிக்கக் கூடாதுதான். மனுஷருக்கு ப்ராஸ்டேட்ல கேன்சர்னு சொல்லி ஊசி போட்டுண்டிருக்கா. ஆனா எனக்கு அம்பது வயசுல இதே மாதிரி குப்புகுப்புனு கொதிச்சப்போ, "எல்லாம் மனசு. வேற எதையாவது நினைச்சுக்கோ"ன்னு சொன்ன மனுஷர் இவர். ஹைஸ்கூல்ல கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டையரானவர். சம்பத்குமார் சார்னா எதுக்கும் ஒரே வரியில விடை சொல்லுவார்னு ஊருக்கே தெரியும். நானும் ஒரே வரியில சொன்னேன்.

"எல்லாம் மனசுதான்னா. வேற எதையாவது நினைச்சுக்கோங்கோ."

முறைச்சார் பாருங்கோ, அப்படி ஒரு முறைப்பு!

மெட்ராஸ்ல எங்களுக்கு வைத்தியம் பார்க்கறது டாக்டர் ரேவதி. தென்னேரிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பொண்ணு. சின்ன வயசு, ஆனா பேச்சு கறார். "சார், இந்தக் கட்டி ஆம்பளை ஹார்மோனைத் தின்னுதான் வளருது. மூணு மாசத்துக்கு ஒரு ஊசி போட்டு நாம தீனியை நிறுத்திடறோம்"னு சொன்னா. தீனி நின்னா கட்டி அடங்கும், சரி. ஆனா அந்த ஹார்மோனை நம்பிண்டிருக்கற மத்ததெல்லாம் என்ன ஆகும்? உடம்பு கொதிக்கும். அது போறாதுன்னு எலும்பும் மெலிஞ்சு போகுமாம். "பெண்களுக்குத் தூரம் நின்னப்புறம் ஆகுமில்ல, அதே மாதிரி"ன்னா டாக்டர். இவர் காதைப் பொத்திக்காத குறை.

எலும்பு எவ்வளவு கெட்டியா இருக்குன்னு பார்க்க ஒரு டெஸ்ட் எழுதிக் குடுத்தா. போனோம். அந்த ஹால்ல உட்கார்ந்திருந்தது பூரா பொம்மனாட்டிகள். நர்ஸ் வந்து என் கையைப் பிடிச்சு, "வாங்க மாமி, நீங்கதானே அடுத்தது? சார் வெளியில பெஞ்சுல உட்காரட்டும்"னு இழுக்கறா. இவர் எழுந்து நின்னு, க்ளாஸ்ல அட்டெண்டன்ஸ் குடுக்கற பையன் மாதிரி, "நான்தாம்மா"ன்னார். ஹாலே திரும்பிப் பார்த்தது. அன்னிக்கு வீடு வந்து சேர்ற வரைக்கும் என்னோட பேசலை. நான்தான் ஏதோ அவரைப் பொம்மனாட்டியா மாத்திட்ட மாதிரி!

எலும்பு மெலிஞ்சிருக்குன்னு ரிசல்ட் வந்தது. ரேவதி வாரம் ஒரு மாத்திரை எழுதினா. சுண்ணாம்புச் சத்து மாத்திரை வேற தினம். தினசரி மாத்திரையில தகராறு இல்லை. வாரத்து மாத்திரைக்குத்தான் சட்டம். "காலம்பற எழுந்ததும் வெறும் வயித்துல, ஒரு பெரிய டம்ளர் நிறைய தண்ணியோட முழுங்கணும் சார். அப்புறம் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது. நிக்கலாம், நடக்கலாம். எதுவும் சாப்பிடவும் கூடாது." இவர் தலையை ஆட்டினார். ஞாயித்துக்கிழமைன்னு தானே நாள் குறிச்சுண்டார். கணக்கு வாத்தியாருக்கு விதியை ரெண்டாந்தரம் சொல்லணுமான்னு நானும் அந்தப் பக்கம் போகலை. எனக்கு அடுக்களையே சரியா இருக்கும்.

இப்படி ரெண்டு வருஷம் ஓடித்து. ஊசி நன்னாக் கேட்டது. ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்து ரேவதி சிரிப்பா, நாங்களும் சிரிச்சுண்டு வந்துடுவோம். ரெண்டாயிரத்து நாலு வைகாசியும் வந்தது, கருட சேவை வந்தது.

எங்க ஊர் கருட சேவைக்கு எங்கெங்கேர்ந்தோ ஜனங்கள் வரும். வரதர் கருடன் மேல ஏறிண்டு கோபுர வாசலைத் தாண்டி வரச்சே அந்தக் குடை அசையற அசைவு இருக்கே, எனக்கு இத்தனை வயசுக்கப்புறமும் அழுகை வந்துடும். இவர் வழக்கம் போல வீதியிலயே நெடுஞ்சாண்கிடையா விழுந்து சேவிச்சார். விழுந்தவர் எழுந்திருக்கலை. கூட்டம் மிதிச்சுடப் போறதேன்னு நான் கத்தினேன். பக்கத்துல இருந்தவா தூக்கி நிறுத்தினா. மூஞ்சி வெளுத்துப் போச்சு.

"என்னன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்லை. கல்லு குத்தித்து."

நானும் நம்பித் தொலைச்சேன்.

அதுக்கப்புறம்தான் எங்காத்துல ஒரு அதிசயம் நடக்க ஆரம்பிச்சது. ஒரு நாள் சாதத்துல சாத்தமுதை விட்டுப் பிசைஞ்சு ஒரு வாய் போட்டுண்டு, "ரமா, சாத்தமுது அமிர்தமா இருக்கு"ன்னார். எங்க பாஷையில ரசத்துக்கு அந்தப் பேர். நான் கரண்டியோட அப்படியே நின்னுட்டேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் சாத்தமுது ஒண்ணு புளிக்கும், இல்லே உறைக்கும், இல்லே வெந்நீர் மாதிரி இருக்கும். அமிர்தமா இருந்ததே கிடையாது. அன்னிக்கு நான் உப்பே போட மறந்திருந்தேன்! வாயில வெச்சுப் பார்த்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சது.

மறுநாள், "நீ ரொம்ப உழைச்சுட்டே ரமா"ன்னார். அதுக்கு மறுநாள், பக்கத்தாத்து காந்தா வந்தப்போ, அவ காதுபட, "எங்காத்துல ரமாமணி இல்லேன்னா நான் ஒண்ணுமில்லை"ங்கறார். காந்தா என்னை ஓரமாக் கூட்டிண்டு போய், "மாமாவுக்கு உடம்பு சரியில்லையா மாமி?"ன்னு கேட்டா. ஊரே கேக்கற அளவுக்கு ஆயிடுத்து. மனுஷர் இவ்வளவு நல்லவரா ஆறார்னா அதுக்குக் காரணம் இல்லாம இருக்குமா?

ஆனி மாசம் ஒரு நாள், "கிளம்பு, உனக்கு ஒரு பட்டுப் புடவை எடுத்துடலாம்"னார். பண்டிகை இல்லை, கல்யாணம் இல்லை. பிள்ளையார்பாளையத்துல அர்ஜுனன்னு ஒரு நெசவாளர், இவர்கிட்ட படிச்சவர். அவர் ஆத்துக்கே கூட்டிண்டு போனார். செவிலிமேட்டு பிரேம்நாத்தோட ஆம்னி வேன்ல போனோம். மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கும் அவன்தான் எங்களுக்கு டிரைவர்.

அர்ஜுனன் பாய் விரிச்சு, புடவைகளை ஒண்ணொண்ணாப் பிரிச்சுப் போட்டார். அரக்குல பச்சைக் கரை போட்டது ஒண்ணு. நான் அதைத் தொட்டேன், அவ்வளவுதான். "எடுத்துக்கோ"ன்னுட்டார். விலை கேக்கலை. பேரம் பேசலை. கொத்தமல்லிக் கட்டுக்கு அரை மணி நேரம் நிக்கற மனுஷர்! அர்ஜுனனுக்கே பயம் வந்துடுத்து. "சார், விலை கேக்கலியே நீங்க?"ன்னார். "நீ சொல்றதுதான் விலை"ன்னு சொல்லிட்டு இவர் பாயிலேர்ந்து எழுந்திருக்கப் பார்த்தார். முடியலை. "பெருமாளே!"ன்னு ஒரு அலறல். தறியில இருந்த பொண்ணு நெசவை விட்டுட்டு ஓடி வந்தா. நாங்க மூணு பேருமாத் தூக்கி வேன்ல உட்கார வெச்சோம்.

வண்டி கிளம்பினதும் நான் பிடிச்சுண்டேன். "இப்போ சொல்லுங்கோ. எதையும் மறைக்கக் கூடாது."

ஜன்னலைப் பார்த்துண்டே சொன்னார். "வந்துடுத்து ரமா. முதுகெலும்புக்கு வந்துடுத்து. கருட சேவையன்னிலேர்ந்து வலி. நிக்கவும் வலி, படுக்கவும் வலி. இந்த வியாதி கடைசியில எலும்புலதான் வந்து உட்காரும்னு எனக்குத் தெரியாதா?"

"டாக்டர் சொன்னாளா?"

"டாக்டர் என்னத்துக்கு? போன வருஷமே நெஞ்சுல நெருப்பா எரிஞ்சது. அப்பவே தெரிஞ்சுண்டுட்டேன்."

போன வருஷமேவா? என்கிட்ட ஒரு வார்த்தை இல்லையே! "வேனைத் திருப்புப்பா பிரேம்நாத், இப்பவே மெட்ராஸ் போகணும்"னேன்.

"வேண்டாம்"னார் இவர். "நான் வரமாட்டேன். தெரியாம இருக்கற வரைக்கும் நான் பாட்டுக்கு இருப்பேன். தெரிஞ்சுட்டா அன்னிலேர்ந்து நாளை எண்ண ஆரம்பிக்கணும். வாழ்க்கை பூரா எண்ணியாச்சு. இதை எண்ண வேண்டாம்."

எனக்கு வந்தது பாருங்கோ கோபம்! "நீங்க எண்ண வேண்டாம். என் கதை என்ன? நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா, அன்னிக்கே போயிருந்தா பிழைச்சிருப்பாரோ, அன்னிக்கே போயிருந்தா பிழைச்சிருப்பாரோன்னு அந்தப் பட்டுப் புடவையை மடியில வெச்சுண்டு நான் எண்ணிண்டு உட்காரணுமா? இப்படி ஒரு ஏற்பாடு பண்ணிட்டுத்தான் சாத்தமுது அமிர்தம்னேளா?"

பிரேம்நாத் கண்ணாடியில எங்களைப் பார்த்துண்டே, "சார், மாமி சொல்றதுதான் கரெக்ட்டு. நாளைக்கு காலீல வண்டி வாசல்ல நிக்கும்பா"ன்னான். அவனுக்கு யாரைக் கண்டாலும் 'பா'தான்.

மறுநாள் விடிஞ்சதும் நான் போய் வேன்ல உட்கார்ந்துட்டேன். அடுப்பு மூட்டலை. காபி இல்லை. இவர் வாசல் கதவைப் பிடிச்சுண்டு நின்னார். "நீங்க வரலேன்னா போங்கோ. நான் மட்டும் போய் டாக்டர் முன்னாடி உட்கார்ந்து அழுதுட்டு வரேன். அவளாவது கேப்பா"ன்னேன். பிரேம்நாத் ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கினான். தெருவுல ரெண்டு வாசல் கதவு திறந்தது. மானம் போறதேன்னு இவர் வந்து ஏறினார்.

ரேவதி ரத்தம் எடுக்கச் சொன்னா, எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னா. இவரை அந்தக் குழாய்க்குள்ள தள்ளிக் கதவைச் சாத்தினதும் எனக்கு அழுகை முட்டிண்டு வந்தது. பயம்னா பயம், அப்படி ஒரு பயம். "வரதா, உன்னைச் சேவிக்கப் போய்தானே விழுந்தார்? நீ பாட்டுக்குக் கருடன் மேல ஏறிண்டு போயிட்டே. இதை நீதான் பார்த்துக்கணும், வேற யாரு பார்ப்பா?"ன்னு வாய்விட்டே திட்டினேன். பக்கத்துல இருந்த அம்மா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தா.

சாயங்காலம் கூப்பிட்டா. படத்தை விளக்குப் பலகையில மாட்டி வெச்சிருந்தா ரேவதி. இவர் அதைப் பார்க்கவே இல்லை, மேஜையைத்தான் பார்த்தார். நான் அவ மூஞ்சியைப் பார்த்தேன்.

"சார், முதுகெலும்புல ஒரு கட்டை நசுங்கியிருக்கு. முறிவு."

"கேன்சர்?"ன்னு நான்தான் கேட்டேன்.

"இல்ல மாமி. ஸ்கேன்ல அது எங்கயும் இல்ல. ரத்தத்துலயும் அளவு கீழயேதான் இருக்கு. இது எலும்பு மெலிஞ்சு போனதால ஆன முறிவு. விழுந்து சேவிச்சப்போ ஆகியிருக்கு."

இவர் நிமிர்ந்தார். "முறிவுதானா?"

"முறிவுதான் சார்."

"நிச்சயமா முறிவா? நன்னாப் பார்த்தேளா? வேற ஒண்ணும் இல்லையே, எலும்புதானே உடைஞ்சிருக்கு?" லாட்டரி விழுந்த மாதிரி கேக்கறார்! "ரமா, எலும்பு உடைஞ்சிருக்காம்!"

"கேட்டுதுன்னா, கேட்டுது"ன்னு சொல்லிண்டே நான் அழுதேன், சிரிச்சேன், ரெண்டும் சேர்ந்து வந்தது. மூக்கைத் துடைக்கத் தலைப்புப் போறலை.

ரேவதிக்கு மட்டும் சந்தேகம் தீரலை. "ஆனா சார், வாரத்து மாத்திரை போட்டுக்கிட்டும் இப்படி மெலிஞ்சிருக்கே? எப்படிப் போட்டுக்கிட்டீங்க?"

இவர் பெருமையா ஆரம்பிச்சார். "வெறும் வயித்துலதாம்மா. காலம்பற ஸ்நானம் பண்ணி, பெருமாளுக்குத் திருவாராதனம் முடிச்சு, மாத்திரையைப் பெருமாளுக்குக் காட்டி, தீர்த்தத்தோட முழுங்கிடுவேன். பெருமாளுக்கு முன்னாடி நான் எதையும் வாயில வெச்சுக்கறதில்லை. தீர்த்தம் தண்ணிதானே, சாப்பாடு இல்லையே. கணக்கு சரிதானே?"

"தீர்த்தம்னா எவ்வளவு சார்?"

இவர் உள்ளங்கையைக் குழிச்சுக் காட்டினார். ஒரு கரண்டி இருக்கும்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, விழுந்து சேவிப்பேன். எங்க வழக்கத்துல ஒரு தரத்தோட விடறதில்லை, எழுந்து எழுந்து சேவிக்கணும்."

ரேவதி ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திண்டா. தோள் குலுங்கறது. "அய்யோ சார்! அது நெஞ்சுக்குழியில ஒட்டிக்கிச்சுன்னா புண்ணாக்கிடும். அதுக்குத்தான் டம்ளர் நிறைய தண்ணி, அதுக்குத்தான் படுக்காதீங்க, குனியாதீங்கன்னு சொன்னது. நீங்க துளித் தண்ணியில போட்டுட்டுக் குப்புற வேற விழுந்திருக்கீங்க! எரியலியா?"

எரிஞ்சது. நெருப்பா எரிஞ்சது. டாக்டர் கேக்கக் கேக்க ஒண்ணொண்ணா வெளியில வந்தது. வியாதி நெஞ்சுக்கு ஏறிடுத்துன்னு நினைச்சுண்டு, மூச்சுக் காட்டாம மாத்திரையையும் நிறுத்திட்டார் மனுஷர். ஒரு வருஷமா! வாராவாரம் மாத்திரையைப் பெருமாளுக்கு முன்னாடி வெச்சுட்டு, அப்படியே எடுத்துத் துளசி மாடத்துல புதைச்சிருக்கார். எங்காத்துத் துளசி என்னமா கெட்டியா நிக்கறதுன்னு நான் வேற எல்லார்கிட்டயும் பீத்திண்டிருந்தேன்.

"இப்போ முழுங்கும்போது வலி இருக்கா? இல்லியா? அப்போ மறுபடி ஆரம்பிக்கலாம், ஒழுங்கா"ன்னா ரேவதி. முதுகுக்கு ஒரு பெல்ட் எழுதிக் குடுத்தா. கனம் தூக்கக் கூடாது, குனிஞ்சு எடுக்கக் கூடாது, விழுந்து சேவிக்கவே கூடாது, கை கூப்பினாப் போறும். கடைசியில அவரை நேராப் பார்த்துச் சொன்னா. "சார், சாகப் போறவங்க எலும்பைப் பத்தி நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். நீங்க இதை வெச்சுக்கிட்டு ரொம்ப நாள் நடக்கப் போறீங்க. அதனாலதான் சொல்றேன்."

வெளியில வந்தோம். பிரேம்நாத் பீடியை எறிஞ்சுட்டு ஓடி வந்தான். "இன்னா மாமி ஆச்சு?"

"எலும்பு உடைஞ்சிருக்குப்பா!"ன்னேன், வாயெல்லாம் பல்லா.

அவன் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "எலும்பு ஒட்ச்சிக்கினு இவ்ளோ சந்தோஷமா வர்றவங்கள நான் இப்பதான் பாக்கறேன்"னு சொல்லிட்டுக் கதவைத் திறந்தான்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டறச்சே இவருக்கு அடுத்த கவலை. "அது சரி ரமா. பெருமாளுக்கு முன்னாடி டம்ளர் டம்ளராத் தண்ணியை எப்படிக் குடிக்கறது?"

"பெருமாள் அரை மணி கூடத் தூங்கட்டும். வாரத்துல ஒரு நாள் அவருக்கும் லீவு"ன்னேன்.

"அபசாரம்."

"அவர் கோச்சுண்டா என்கிட்ட அனுப்புங்கோ. நான் ஏற்கெனவே அவரோட பேச ஆரம்பிச்சாச்சு."

பெல்ட் போட்டுண்டு ஆறு வாரம் படுத்தும் உட்கார்ந்தும் கழிஞ்சது. அப்புறம் நடக்கச் சொன்னா. நடந்தாத்தான் எலும்புக்கு நல்லதாம். அதனால ஞாயித்துக்கிழமை கார்த்தால இதுதான் ஏற்பாடு. எழுந்ததும் நான் பக்கத்துல நின்னுண்டு பெரிய எவர்சில்வர் டம்ளர் நிறைய தண்ணி குடுப்பேன். கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்கணும். குடிச்சதும் மாடவீதியைச் சுத்திண்டு ஒரு நடை. அதுவரைக்கும் ஆத்துல பெருமாள் இருக்கற உள்ளுக்குக் கதவு சாத்தியிருக்கும்.

இத்தனை வருஷமா நாங்க வெளியில போனா இவர் முன்னாடி போவார், நான் பின்னாடி ஓடுவேன். இப்போ பெல்ட்டைக் கட்டிண்டு வேகமாப் போக முடியலை. பக்கத்துலயே வரார். முதல் நாள் எனக்கு என்ன பேசறதுன்னே தெரியலை. பால் விலையைப் பேசினோம்.

ரெண்டாவது ஞாயித்துக்கிழமையோ மூணாவதோ, தெற்கு மாடவீதியில திரும்பறோம். டீக்கடையிலேர்ந்து காபி வாசனை வந்தது. இவருக்குத் தாங்கலை.

"காபி இல்லாம, பெருமாள் இல்லாம, காலங்கார்த்தால இதென்ன கூத்து? இன்னும் எத்தனை நாளைக்கு இது?"

"டாக்டர் அஞ்சு வருஷம் போட்டுக்கணும்னு சொல்லியிருக்கா."

"அஞ்சு வருஷமா!" தெருவே திரும்பற மாதிரி கத்தினார். "அஞ்சு வருஷம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் இப்படி மாடு மாதிரி சுத்திண்டிருக்கணுமா? அஞ்சு வருஷத்துக்கு யாரால..."

அப்படியே நின்னுட்டார். தான் என்ன சொல்லிண்டிருக்கோம்னு அப்போதான் அவர் காதுல விழுந்தது. தீபாவளியைப் பார்ப்போமான்னு பயந்துண்டு எனக்குப் புடவை எடுத்த மனுஷர், அஞ்சு வருஷத்தைத் தீராத சள்ளைன்னு நினைச்சு என்னோட சண்டை போடறார்.

"அஞ்சு வருஷம்"னார் மறுபடி, மெதுவா. கண்ணு ரெண்டும் நிறைஞ்சுடுத்து.

"ஆமாம்னா. அதுக்கப்புறம் பார்த்துட்டு மேல சொல்றாளாம்."

"நான் ரொம்பப் பயந்துட்டேன் ரமா. உன்னை விட்டுட்டுப் போகணுமேன்னு."

"தெரியும்."

நடுத்தெருவுல, கோயிலுக்கு ஜனங்கள் போய் வர இடத்துல, என் கையைப் பிடிச்சுண்டார். ஜென்மத்துல பண்ணாத காரியம். பால்காரன் சைக்கிளை மெதுவாக்கிண்டு ஒரு பார்வை பார்த்துட்டுப் போனான். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்னது. ஆனா கையை எடுத்துக்கலை. அரை மணி ஆறதுக்கு இன்னும் நேரம் இருந்தது, நாங்க மேல நடந்தோம்.